மேட்ச்ல பாத்தா தெரியணும், மேனிகின்ல பாத்தா இல்ல

கத்தார் 2022 உலகக்கோப்பைல ஆடின 32 டீம்ல, என் கண்ணுக்கு ஜெர்சி உருப்படியா இருந்தது ஏழெட்டு டீம்தான். சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், வாங்க.

ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் முன்னாடி ஆளாளுக்கு "பெஸ்ட் ஜெர்சி டாப் டென்"னு ஒண்ணு போடுறாங்கல்ல, அது முக்காவாசி கம்பெனிக்காரன் ரிலீஸ் பண்ற போட்டோவ பாத்து போடுறதுதான். மேனிகின்ல, அதான் துணிக்கடை பொம்மைல மாட்டி, சைடுல இருந்து லைட்டு போட்டு, நூல் தெரியற அளவுக்கு ஜூம் பண்ணி எடுத்த படம், கூடவே நாலு பாரா கதை, இந்தக் கோடு எங்க நாட்டு நதி, இந்தப் புள்ளி எங்க மக்களோட துடிப்புன்னு. யாருங்க மேட்ச அப்படி பாக்கறா? மேல இருந்து எடுக்கற வைட் ஷாட்ல ஆளே கட்டைவிரல் உசரம்தான் இருப்பான், ஸ்டேடியத்துல கடைசி வரிசைல இருக்கறவனுக்கு அது கூட இருக்காது. அந்த தூரத்துல நதியாவது துடிப்பாவது.

அதனால நான் பாக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு, டிவி சவுண்ட அணைச்சிட்டு ஸ்கோர மறைச்சிட்டு ஹாலோட அந்தக் கோடில நின்னு பாத்தா எந்த நாடுன்னு சட்டுனு தெரியணும். ரெண்டாவது, பிளாட்ஃபார்ம்ல விக்கற டூப்ளிகேட் ஜெர்சி. அதுல காலர் வேற மாதிரி இருக்கும், லோகோ கோணலா இருக்கும், துணிக்குள்ள இருக்கற நுணுக்கமான பேட்டர்ன் எல்லாம் காணாமப் போயிருக்கும். அவ்வளவும் போன அப்பறமும் அஞ்சாவது படிக்கற பையன் "இது அர்ஜென்டினா"ன்னு சொல்றான்ல, அங்க மிச்சம் இருக்கறதுதான் டிசைன், போனதெல்லாம் பிரஸ் ரிலீஸ்.

இதுல குரோஷியாவ அடிச்சுக்க ஆளே இல்ல. நாட்டோட சின்னத்துல இருக்கற சிவப்பு வெள்ளை கட்டத்த எடுத்து 1990ல மிரோஸ்லாவ் ஷுதேய்ன்ற ஓவியர் ஜெர்சில போட்டாரு, 1998ல முதல் உலகக்கோப்பைலயே மூணாவது இடம், ஷூக்கர் ஆறு கோல் போட்டு, அதிக கோல் அடிச்சவருக்கு தர்ற கோல்டன் பூட், அப்பறம் 2018ல ஃபைனல், 2022ல மறுபடி மூணாவது. நைக்கி ஒவ்வொரு தடவையும் கட்டத்த பெருசாக்கறான், சின்னதாக்கறான், ஆனா கட்டத்த தூக்கிப் போட அவனுக்கு தைரியம் வராது. நாப்பது லட்சம் பேர் கூட இல்லாத நாடு, உலகத்துல எந்த மூலைல இருக்கறவனும் அந்தத் துணிய பாத்தா பேர் சொல்லுவான்.

அர்ஜென்டினா ஹோம், அதாவது அவங்க வழக்கமா போடற முதல் ஜெர்சி, சொல்லவே வேணாம். ஆனா அதே அர்ஜென்டினா அந்த உலகக்கோப்பைல போலந்து கூட ஆடும்போது பர்ப்பிள் ஜெர்சி போட்டுச்சு, ஞாபகம் இருக்கா, மெஸ்ஸி பெனால்டிய போலந்து கோல்கீப்பர் ஷெஸ்னி தடுத்த மேட்ச். ஆண் பெண் சமத்துவத்துக்காக அந்தக் கலர்னு அடிடாஸ் சொன்னான். நல்ல விஷயம்தான், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நடுவுல டிவி போட்டவனுக்கு மெஸ்ஸி முகம் க்ளோசப்ல வர்ற வரைக்கும் யாரு ஆடுறாங்கன்னே தெரிஞ்சிருக்காது. இந்த மாதிரி மாத்துக்குப் போடற அவே ஜெர்சின்னா எதிர் டீமோட கலர்ல இருந்து வித்தியாசம் தெரியணும், அவ்வளவுதான் அதோட வேலை. அதுக்காக நாட்டையே அடையாளம் தெரியாம ஆக்கணும்னு எவனும் சொல்லல.

(ஃபைனல் முடிஞ்சு கோப்பைய தூக்கும்போது கத்தார் அமீர் மெஸ்ஸி தோள்ல அந்தக் கருப்பு பிஷ்ட்ட, அரபு மேலங்கிய, போட்டு விட்டாரே, அது அவங்க ஊர்ல பெரிய மரியாதைன்னு எனக்கும் புரியுது, அவமானப்படுத்திட்டாங்கன்னு கத்தறவங்க கூட நான் சேரல. ஆனா 36 வருஷம் காத்திருந்த நாடு, அந்த ஒரு போட்டோக்காவது நீலம் வெள்ளைய முழுசா விட்டிருக்கலாம். பத்து நிமிஷம் கழிச்சு போட்டிருந்தா மரியாதை குறைஞ்சிருக்குமா என்ன?)

பிரேசில் மஞ்சளுக்குப் பின்னாடி இருக்கற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1950ல ரியோவுல இருக்கற மரக்கானா ஸ்டேடியத்துல உருகுவே கிட்ட 2-1 தோத்தப்ப பிரேசில் போட்டிருந்தது வெள்ளை ஜெர்சி, நீலக் காலர். அந்தத் தோல்விக்கு அப்பறம் வெள்ளை ராசியில்ல, நாட்டு உணர்வே அதுல இல்லன்னு பேச்சு வந்து, 1953ல கொஹேயோ த மன்யான்ற பத்திரிகை போட்டி வச்சுது, கொடில இருக்கற நாலு கலரும் வரணும்னு கண்டிஷன். யோசிச்சுப் பாருங்க, நாலு கலர், அதுவும் பச்சையும் மஞ்சளும் நீலமும் ஒண்ணா, கொஞ்சம் தப்பினா சர்க்கஸ் டிரெஸ் ஆயிரும். ஜெயிச்சது அல்திர் கார்சியா ஷ்லீன்னு இருபது வயசு கூட ஆகாத ஒரு பையன். மஞ்சள் சட்டை, பச்சை ஓரம், நீல ட்ரவுசர், வெள்ளை சாக்ஸ், முடிஞ்சுது. இதுல கூத்து என்னன்னா அவரு உருகுவே எல்லைல பொறந்து வளந்தவரு, சப்போர்ட் பண்ணதும் உருகுவேக்குத்தான்! 1958 ஃபைனல்ல ஸ்வீடனும் மஞ்சள்ன்றதால பிரேசில்காரங்க ஸ்டாக்ஹோம் கடைல நீலச் சட்டை வாங்கி, பேட்ஜ் தெச்சு, 5-2ன்னு ஜெயிச்சாங்க, அப்படித்தான் நீலமும் அவங்க கலர் ஆச்சு.

அந்த மஞ்சள்லதான் 2022ல நைக்கி ஜாகுவார் தோல் மாதிரி பேட்டர்ன் போட்டான். எத்தன பேருக்கு அது மேட்ச்ல தெரிஞ்சுது? ரிச்சார்லிசன் செர்பியாக்கு எதிரா அந்தரத்துல திரும்பி அடிச்ச கோல நூறு தடவை ரீப்ளே பாத்திருப்போம், யாராவது ஜாகுவார பாத்தீங்களா? மஞ்சள பாத்தோம், அவ்ளோதான். அந்த நேரத்துல பிரேசில்ல மஞ்சளுக்கு வேற பிரச்சனை ஓடிட்டு இருந்துச்சு, அப்ப அதிபரா இருந்த போல்சனாரோவோட ஆளுங்க அத கட்சி யூனிஃபார்ம் மாதிரி ஆக்கிட்டதால, நம்மள அந்தக் கூட்டம்னு நெனச்சிடுவாங்கன்னு மஞ்சள் போடவே யோசிச்சு நீலத்துக்குப் போனவங்க நிறைய பேர். அக்டோபர் 30 தேர்தல்ல அவர எதிர்த்து நின்ன லூலா ஜெயிக்கறாரு, நவம்பர் 20 உலகக்கோப்பை ஆரம்பம். துணில என்ன புலி வரையலாம்னு டிசைனர் யோசிச்சிட்டு இருந்தப்ப, அந்த நாட்டு ஜனம் இந்தக் கலரையே போடலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருந்துச்சு.

பேட்டர்னே கூடாதுன்னு சொல்லல. மெக்சிகோ அவே ஜெர்சிய பாருங்க, க்ரீம் கலர் துணி முழுக்க செவப்புல மிஷ்டெக்ன்ற அவங்க ஊர் பழங்குடிகளோட ஓவியம். சவூதி கூட ஆடின மேட்ச்ல லூயிஸ் சாவேஸ் அந்த ஃப்ரீ கிக் அடிச்சப்ப இந்த ஜெர்சிதான், தூரத்துல இருந்து பாத்தாலும் அந்த செவப்பு கண்ணுல அடிச்சுது. அவங்களுக்கு இது புதுசும் இல்ல, 1998லயே ஆபா ஸ்போர்ட்னு மெக்சிகோ கம்பெனி பச்சைச் சட்டைல அஸ்டெக் சூரியக் கல்ல பெருசா போட்டுச்சு, இன்னிக்கும் அதத் தேடி அலையறாங்க. பழைய கலைய எடுத்தா அத வெளிய தெரியற மாதிரி போடு, வெக்கப்பட்டு அதே கலர்ல உள்ள ஒளிச்சு வைக்காத. 2-1 ஜெயிச்சும் கோல் வித்தியாசத்துல வெளிய போனாங்க பாவம், 1978க்கு அப்பறம் முதல் தடவையா முதல் ரவுண்டு குரூப்லயே.

பிரான்ஸ் அவேல துவால் த ஜூயின்னு அவங்க ஊர் பழைய துணி ஓவியம், நீலத்துல சேவலும் பாரிஸ்ல இருக்கற ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவும். அழகுதான், கர்ட்டனுக்கு. ஜப்பான் ஓரிகாமி பரவால்ல, முக்கோண முக்கோணமா மடிப்பு மாதிரி கொஞ்சம் தெரிஞ்சுது, ஜெர்மனிய கவுத்த அன்னிக்கு இன்னும் நல்லா தெரிஞ்சுது. இங்கிலாந்து தோள்ல அந்த வெளிர் நீலம் எதுக்குன்னு இன்னி வரைக்கும் புரியல.

இப்ப என் கடுப்புக்கு வரேன். 32 டீம்ல 13 நைக்கி, 7 அடிடாஸ், 6 பூமா. மூணு கம்பெனி, 26 நாடு. டெம்ப்ளேட் போட்டு அடிக்கத்தான் செய்வாங்க, புரியுது. ஆனா பூமா அவே ஜெர்சி பண்ணது அநியாயம். உருகுவே, செர்பியா, சுவிஸ், கானா, செனகல், மொராக்கோ, ஆறு நாட்டுக்கும் நெஞ்சு நடுவுல ஒரு கட்டம், கட்டத்துக்குள்ள நம்பர். ஸ்கூல் நோட்டுல பேர் எழுத ஒட்டற லேபிள் மாதிரியே இருக்கும். அந்த யோசனைல ஒரு நியாயம் இருக்கு, அதயும் சொல்லிடறேன். உலகக்கோப்பைல நெஞ்சுலயும் நம்பர் இருந்தே ஆகணும், 1994ல இருந்து அப்படித்தான், நிறைய டிசைனர் அத மறந்துட்டு வரைவான், கடைசில அழகான டிசைன் நடுவுல ஒரு 7 வந்து உக்காந்து நாசம் பண்ணும். பூமா அதுக்கு முன்கூட்டியே இடம் விட்டான். ஆனா கட்டத்தோட வடிவம் மட்டும் மாத்திட்டு "ஒவ்வொரு நாட்டுக்கும் தனி டிசைன்"னு சொன்னா எப்படி? நம்பர் அடிக்காம வாங்கினவன் காலி கட்டத்தோட ரோட்ல நடக்கணும்.

இவ்வளவுக்கும் அதே பூமாதான் மொராக்கோ ஹோம் பண்ணான். செவப்புல குறுக்க ஒரு பச்சைப் பட்டை. அவ்ளோதான். அந்த செவப்பு ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளிய அனுப்பிட்டு செமிக்குப் போனப்ப ஆப்பிரிக்கால இருந்து போன முதல் டீம். கானா ஹோமும் அப்படித்தான், வெள்ளைல நடுவுல பெரிய கருப்பு நட்சத்திரம், அவங்க டீமுக்குப் பேரே பிளாக் ஸ்டார்ஸ், வேற என்ன வேணும்? அதே கானாதான் தகுதிச் சுற்றுல அவே கோல்ல, அதாவது எதிராளி ஊர்ல அடிச்ச கோல் கணக்குல, நைஜீரியாவ உலகக்கோப்பைக்கு வரவிடாம பண்ணுச்சுன்றது மட்டும் எனக்கு வருத்தம். 2018ல நைஜீரியா போட்ட அந்தப் பச்சை ஜிக்ஜாக் ஜெர்சிக்கு 30 லட்சம் ப்ரீ ஆர்டர்னு நியூஸ் வந்துச்சு, லண்டன் கடைல க்யூ நின்னாங்க. குரூப் ஸ்டேஜ் தாண்டல, ஆனா அந்த உலகக்கோப்பைய நெனச்சா எனக்கு பிரான்ஸ் கப் தூக்கினதுக்கு முன்னாடி இதுதான் ஞாபகம் வருது.

கனடா கதை இன்னும் மோசம். 1986க்கு அப்பறம் முதல் தடவையா உலகக்கோப்பை வராங்க, நைக்கி அவங்களுக்கு மட்டும் புது ஜெர்சியே தரல. உங்களுக்கு ஜெர்சி மாத்தற சுழற்சி வேறன்னு சொல்லிட்டான். ஏற்கெனவே போட்டிருந்த பழைய டெம்ப்ளேட்ட போட்டுட்டுத்தான் வந்தாங்க, பிளேயரே வெளிப்படையா கடுப்ப சொன்னாரு. ஆண்கள் உலகக்கோப்பைல கனடாவோட முதல் கோல, குரோஷியாக்கு எதிரா ரெண்டாவது நிமிஷத்துல அல்ஃபோன்ஸோ டேவிஸ் அடிச்சப்ப போட்டிருந்தது அந்தக் கடைல கெடைக்கற மாதிரி இருந்த செவப்புச் சட்டை. அந்த நாட்டுக்காரன் வாழ்நாள் பூரா மாட்டி வைக்கப் போற போட்டோ அது. பெரிய சந்தை இருக்கற நாட்டுக்கு இப்படி பண்ணுவானா?

கடைசியா டென்மார்க். என் டெஸ்ட் ரெண்டும் இதுகிட்ட வேலைக்கு ஆகல. ஹம்மல் கம்பெனி முழுக்க ஒரே செவப்பு, லோகோவும் செவப்பு, பேட்ஜும் செவப்பு, தோள்ல வரிசையா வர்ற அம்புக்குறியும் செவப்பு. கிட்டப் போய் பாத்தாலே கஷ்டப்பட்டுத்தான் தெரியும். ஆயிரக்கணக்கான உயிர எடுத்த டோர்னமென்ட்ல எங்க பேர் தெரிய வேணாம்னு காரணம் சொன்னாங்க, மூணாவது ஜெர்சி கருப்பு, துக்கத்தோட நிறம்னு. கத்தார் தரப்பு கடுமையா மறுத்துச்சு, அங்க வேலைக்குப் போய் செத்தவங்க கணக்கு மேல இன்னும் சண்டைதான். ஆனா அங்க வேலைக்குப் போனவங்க இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கைன்னு நம்ம பக்கத்து ஆளுங்க, கல்ஃப்ல ஒருத்தராவது இல்லாத குடும்பம் நம்ம பக்கம் கம்மி. அதனால இத வெறும் ஃபேஷனா என்னால பாக்க முடியல.

ஃபிஃபா நடந்துக்கிட்ட விதம்தான் வேடிக்கை. இந்த ஜெர்சிய விட்டுட்டாங்க, ஏன்னா அதுல எதுவுமே எழுதல. "எல்லாருக்கும் மனித உரிமை"ன்னு டென்மார்க் ட்ரெய்னிங் சட்டைல எழுதினப்ப வேணாம்னுட்டாங்க. பெல்ஜியம் அவே ஜெர்சில காலருக்கு உள்பக்கம், போட்டவனுக்கே தெரியாத இடத்துல, "லவ்"னு இருந்த ஒரு வார்த்தைய எடுக்கச் சொன்னாங்க.

அதுக்காக ஹம்மல கோயில் கட்டி கும்பிடவும் நான் ரெடி இல்ல. எங்க பேர் தெரிய வேணாம்னு சொன்னதுனாலயே உலகம் பூரா அந்தப் பேர்தான் ஓடுச்சு, ஜெர்சியும் கடைல காசுக்குத்தான் வித்துச்சு, டென்மார்க்கும் ஆடத்தான் போச்சு. மூணு மேட்ச், ஒரு கோல், ஒரு பாயிண்ட். இருந்தாலும் அந்த டோர்னமென்ட்ல வந்த அத்தன பிரஸ் ரிலீஸ்லயும், கதைக்கும் துணிக்கும் நெஜமாவே சம்பந்தம் இருந்தது இது ஒண்ணுலதான். அதனால இத என் லிஸ்ட்ல சேக்காம வெளிய தனியா வச்சிருக்கேன்.

லிஸ்ட்: குரோஷியா ஹோம், அர்ஜென்டினா ஹோம், மெக்சிகோ அவே, மொராக்கோ ஹோம், பிரேசில் (ஜாகுவார் இல்லன்னு நெனச்சுக்கிட்டு), கானா ஹோம், ஜப்பான் ஹோம். எட்டாவதா ஜெர்மனி, நடுவுல கருப்புப் பட்டை நல்லாத்தான் இருந்துச்சு, ஆட்டம்தான் இல்ல. பூமா கட்டத்துக்கு வக்காலத்து வாங்கறவங்க கமெண்ட்ல வேணாம், இன்பாக்ஸ் வாங்க, பேசி முடிச்சுக்கலாம்.