ஙொய்ங்ங்ங்...

கொரகொரப்பு இல்லாம, ரீங்காரம் இல்லாம, என் சொந்தக் காருக்குள்ள உக்காந்து ஒரு பாட்டு கேக்கணும். இது பேராசையாய்யா?

என்கிட்ட ஒரு ஐபாட் கிளாசிக் இருக்கு, ஆப்பிளோட பாட்டு டப்பா, 160 ஜிபி. கம்பெனிக்காரனே 2014-ல அதுக்கு மூடுவிழா நடத்திட்டான், நான் நடத்தல. சிடி சிடியா உக்காந்து ஏத்தின பாட்டு எல்லாம் அதுலதான். முந்நூறு ரூவா இயர்போனை மாட்டினாக்கூட மிருதங்கத்துல விரல் உரசறது கேக்கும். அதே பாட்டு, ரெண்டு சாண் தள்ளி இருக்கிற ஸ்டீரியோவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப் போகுது.

மொதல்ல எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுவாங்களே, ஐபாட் பாட்டை வண்டி ரேடியோவுக்கு ஒலிபரப்புமே, அது. "காலியா இருக்கிற அலைவரிசையில வைக்கவும்"னு அட்டையில போட்டிருந்தான். சென்னையில காலியா! 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4... தீபாவளிக்கு மொத நாள் தி.நகர்ல பார்க்கிங் தேடின மாதிரி தேடி ஒரு சந்து புடிச்சேன். திண்டிவனம் நெருங்கினதும் புதுச்சேரிப் பக்கத்துலேர்ந்து யாரோ நகைக்கடை விளம்பரத்தோட உள்ள பூந்துட்டாங்க. எஃப்எம்ல அப்படித்தான், ரெண்டு பேர் மோதினா வலுத்தவன் குரல்தான் கேக்கும், இளைச்சவனை ரேடியோ முழுங்கிடும். என் டிரான்ஸ்மிட்டர்தான் இளைச்சவன். மோதல் இல்லாத நேரத்துலயும் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எஃப்எம் எதையும் கொண்டு வராது. ஜால்ராவோட மினுமினுப்பு அங்கேயே அவுட்.

சரின்னு ஐபாடை நேரா ஸ்டீரியோவோட இணைக்கிற ஆக்ஸ் ஒயருக்கு மாறினேன். அன்னிக்குத்தான் ஆரம்பிச்சது இந்த ஙொய்ங். ஆக்சிலேட்டரை மிதிச்சா ஆரோகணம், காலை எடுத்தா அவரோகணம். பாடகரோட சேந்து இஞ்சினும் ஸ்வரம் பாடுது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஒரு கடைக்குப் போனேன். வண்டியில ஏறிக்கூடப் பாக்காம "ஸ்பீக்கர் போச்சு சார்"னான். மாத்தினேன், 4,500 ரூவா. இப்ப அந்த ஙொய்ங் படு கிளியரா கேக்குது. அடுத்த கடைக்காரன் "ஆம்ப் போட்டாத்தான் சரியாகும்"னான். பாட்டோட சேத்து ஙொய்ங்கையும் பெருசாக்கித் தர்றதுக்கு நான் காசு கொடுக்கணுமாம்.

இதுக்கு நடுவுல ரோட்டோரத்துல அம்பது ரூவாய்க்கு ஒரு ஒயர் வாங்கினேன். பின்னு சரியா உக்காரல. வயலின் இருக்கு, எதிரொலி இருக்கு, பாடறவரைக் காணோம்! பின் சீட்டுலேர்ந்து என் பொண்ணு, "அப்பா, கரோக்கியா?"ங்கறா. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் கம்பி தொடாம நின்னா இடது, வலது ரெண்டும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். நட்ட நடுவுல இருக்கிற குரல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால அதுதான் மொதல்ல காலி.

கடைசியில ஙொய்ங்குக்குக் காரணம் என்ன தெரியுமா? சார்ஜர். ஐபாட் லைட்டர் ஓட்டையில சார்ஜ் ஏறுது, ஆக்ஸ் ஒயர் ஸ்டீரியோவுக்குப் போகுது. வண்டியோட எர்த்துக்கு ரெண்டு வழி ஆயிடுச்சு. அந்த வட்டத்துக்குள்ள டைனமோ சத்தம் சுத்திச் சுத்தி வந்து பாட்டுல ஏறுது. சார்ஜரைப் புடுங்கினேன், கப்சிப். "சார்ஜரைப் புடுங்கிப் பாருங்க", இந்த மூணு வார்த்தையைச் சொல்ல அந்தத் தெருவுல ஒருத்தனுக்கும் வாய் வரலையே! சொன்னா ஸ்பீக்கர் விக்காதே.

இதுக்குன்னே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்னு ஒரு குட்டி டப்பா இருக்கு. உள்ள ரெண்டு பொடி டிரான்ஸ்ஃபார்மர், ஒயர் தொடர்பில்லாமலே பாட்டை மட்டும் தாண்ட விடும். மலிவா ஒண்ணு வாங்கினேன். ஙொய்ங் போச்சு, கூடவே பேஸ்ங்கற கனமான சத்தமும் போச்சு. தவில் தகர டப்பா ஆயிடுச்சு. நல்லதா ஒண்ணு குடுங்கன்னு அதே தெருவுல கேட்டேன். "சப்-வூஃபர் போட்டுடலாமா சார்?"

சொந்தக்காரன்லாம் "ப்ளூடூத்துக்கு மாறிடு"ங்கறான். ஐபாட் கிளாசிக்ல ப்ளூடூத்தே கிடையாதுய்யா! அனுப்ப ஒரு டப்பா, வாங்க ஒரு டப்பா வச்சுக்கணும். வாங்கற டப்பாவுக்கு சார்ஜ் எங்க? அதே லைட்டர் ஓட்டை. பாட்டு எதுல? அதே ஆக்ஸ் ஒயர்.

இப்பல்லாம் வீட்டுலயே முழுசா சார்ஜ் ஏத்திட்டுத்தான் கிளம்பறேன். நேத்து திருச்சிக்குப் போறப்ப அதையும் மறந்துட்டேன். விழுப்புரம் தாண்டினதும் பேட்டரி சிவப்பு காட்டிச்சு. பாட்டு அப்பத்தான் சரணத்துக்கு வருது. சார்ஜரைச் சொருகினேன்.

ஙொய்ங்ங்ங்.