எந்த பிரவுசரில்தான் திறந்து தொலைக்கும்?

அல்சூர் பெரியப்பாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. தளத்தின் அடியில் பொடி எழுத்தில், "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சிறப்பாகத் தெரியும்." ஐயா, அதை மைக்ரோசாஃப்டே 2022 ஜூனில் மூட்டை கட்டிவிட்டது! செத்தவனிடம் போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறீர்களா?

சரி, குரோமில் திறந்தால் கேப்சா படம் வராது. ஃபயர்பாக்ஸில் படம் வரும், 'பணம் செலுத்து' பொத்தான் அசையாது. "பாப்-அப்பை அனுமதிங்க, கேஷைக் காலி பண்ணுங்க, குக்கீயை அழிங்க." உதவி எண்ணில் பேசுகிறவருக்கு வேறு மந்திரமே தெரியாது. மொத்தக் குக்கீயையும் அழித்தால் மெயில் முதல் பேங்க் வரை எல்லாவற்றிலிருந்தும் வெளியே தள்ளிவிடும் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

பெரியப்பாவிடம் இருப்பது விண்டோஸ் 7. அதற்கு குரோம் 109-ஓடு சரி, அதற்கு மேல் புதுப் பதிப்பு கிடையாது. என் லேப்டாப்பில் உபுண்டு. "லினக்ஸா? அதெல்லாம் சப்போர்ட் இல்ல சார்." தங்கையின் மேக்கில், சஃபாரியில், பிறந்த தேதிப் பெட்டி திறக்க மறுக்கிறது. ஐபோனில் குரோம் போடலாமா? நம் ஊரில் அங்கே பெயர்ப்பலகை மட்டும்தான் குரோம், உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே இன்ஜின், வெப்கிட். அப்புறம் எதற்கு இத்தனை ஐகான்?

இதில் ஆபீசில் ஆளாளுக்கு ஜோசியம் வேறு. "பிரேவ் போடு", "எட்ஜ் போடு". ரெண்டுக்கும் அடித்தளம் குரோமுக்கு இருக்கிற அதே குரோமியம்தானேப்பா! ஐடி நகரமாம், பெங்களூராம்.

ஒருவழியாக ஓடிபி வந்தது. அடித்து முடித்தேன். "உங்கள் செஷன் முடிந்துவிட்டது." யாருக்குய்யா முடிந்தது?