ஒரே வண்ணம் பூசிய அந்தக் கெமர் வரைபடம்

தாய்லாந்து, கம்போடியா எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போதும், அந்த வரைபடம் முகநூலில் மறுபடியும் உலா வரத் தொடங்கிவிடுகிறது. கம்போடியா, தாய்லாந்தின் பெரும்பகுதி, லாவோஸ், தெற்கு வியட்நாம் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் பூசி, 'கெமர் பேரரசு, 802 - 1431' என்று தலைப்பிட்ட படம். கெமர் என்றால் கம்போடிய மக்கள். அறுநூறு ஆண்டுகளும் எல்லைக்கல் நகரவே இல்லை போலும்!

802இல் கம்போடியாவின் குலேன் மலையில் இரண்டாம் ஜெயவர்மன் சக்கரவர்த்தியாக முடிசூடினான். மேற்கே, இன்றைய தாய்லாந்தின் லோப்புரி வரை கெமர் அதிகாரம் அழுத்தமாகப் பரவியதோ 11ஆம் நூற்றாண்டில், முதலாம் சூரியவர்மன் காலத்தில். வாரிசுப் போரில் வென்று வந்தவன் அவன். 1011இல் தன் அதிகாரிகளைக் கூட்டி விசுவாச உறுதிமொழி வாங்கினான். தலைநகர் அங்கோரின் அரண்மனை வாயிலில் அந்த வாசகமும் அவர்கள் பெயர்களும் இன்றும் கல்லில் இருக்கின்றன. சொல் தவறினால் சூரிய சந்திரர் உள்ளவரை முப்பத்திரண்டாம் நரகத்தில் பிறக்கக் கடவோம் என்கிறார்கள். அந்த அரசு நின்றது இந்தப் பெயர்களின் மேல்தான். ஆள் மாறினால் ஊர் கைமாறும். அரசன் இறந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிழக்குப் பக்கம் இன்னும் வேடிக்கை. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் 1145இல், இன்றைய வியட்நாமின் நடு, தென் கரையோரத்தில் இருந்த சம்பா அரசின் விஜயா என்ற நகரைப் பிடித்தான். சில ஆண்டுகளிலேயே அது கைவிட்டுப் போனது. 1177இல் சம்பாப் படை அங்கோருக்கே வந்துவிட்டது. ஏழாம் ஜெயவர்மன் அவர்களை விரட்டி, 1181இல் முடிசூடி, 1203இல் சம்பாவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். 1220 வாக்கில் அதுவும் போயிற்று. பதினேழு ஆண்டுச் சங்கதிக்கு அறுநூறு ஆண்டு வண்ணம்!

என்னைக் கேட்டால், ஏழாம் ஜெயவர்மன் அமைத்த 102 ஆரோக்கியசாலைகளை, அதாவது மருத்துவமனைகளை, புள்ளிகளாகவும், இன்றைய தாய்லாந்தில் உள்ள பிமாய் போன்ற ஊர்களுக்குப் போன சாலைகளையும் அவற்றின் ஓரத்துத் தங்குமடங்களையும் கோடுகளாகவும் வரைந்தாலே உண்மைக்கு நெருங்கிய படம் கிடைத்துவிடும். அந்த ஆரோக்கியசாலைக் கல்வெட்டுகளில் ஒன்று இன்றைய லாவோஸில், வியந்தியான் அருகே சாய் ஃபோங்கில் கிடைத்தது. கோடுகளுக்கு நடுவே காடுதான் அதிகம்.

நம்மவர்கள் பங்குக்கு, 'அங்கோர் வாட் சோழன் கட்டியது' என்று அதே படத்தின் கீழ் எழுதுகிறார்கள். சோழர் காலத்துக் கரந்தைச் செப்பேடு சொல்வது காம்போஜ (அதாவது கெமர்) மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பினான் என்பதை. தேர் அனுப்பியவன் நாட்டில் நூறாண்டு கழித்து எழுந்த கோயிலை நம் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

எல்லைச் சண்டைக்கு வருகிறேன். இரு நாடுகளும் உரிமை கோரிய எல்லைக் கோயிலான பிரியா விஹார் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தபோது பெரிதும் நம்பியது எந்தக் கெமர் அரசனின் கல்வெட்டையும் அல்ல. பிரெஞ்சு அதிகாரிகள் தயாரித்து 1908இல் சயாமிடம் (அன்றைய தாய்லாந்து) கொடுத்த வரைபடத்தையும், சயாம் பல ஆண்டுகள் அதை மறுக்காமல் இருந்ததையும்தான்.