ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சமா?

"ஸ்டோயிக் என்றால் பயம், அழுகை எதுவும் வராதவன். உணர்ச்சியை அடக்குவதுதான் அந்தத் தத்துவம்" என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். ரீல்ஸில் இப்படித்தான் ஓடுகிறது, ஆனால் ஸ்டோயிக்குகள் எனப்படும் பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவவாதிகள் சொன்னது இது இல்லை.

ரோமானிய எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் ஒரு கடல் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. அதில் இருந்த ஸ்டோயிக் தத்துவவாதியின் முகமும் மற்றவர்களைப் போலவே வெளிறிப்போகிறது. அலை அடங்கியதும் ஒரு பணக்காரர், "நீங்களே பயந்துவிட்டீர்களே!" என்று கிண்டல் செய்கிறார். பிறகு கெல்லியஸ் தனியாகப் போய்க் கேட்டபோது, அந்தத் தத்துவவாதி தன் பையிலிருந்து எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியரின் உரைகளை எடுத்துக் காட்டுகிறார். அதில் இருப்பது இதுதான்: திடீர் இடிச்சத்தத்துக்கு ஞானியின் முகமும் வெளிறும், மனமும் ஒரு கணம் நடுங்கும். அது யார் கையிலும் இல்லை. 'இது பெரும் ஆபத்துதான்' என்று அந்த அதிர்ச்சிக்குத் தலையாட்டுவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. ரோமானிய ஸ்டோயிக்கான செனெக்காவும் கோபத்தைப் பற்றி எழுதும்போது கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்.

அப்புறம், ஸ்டோயிக்குகள் எல்லா உணர்ச்சியையும் ஒதுக்கவில்லை. மகிழ்ச்சி, எச்சரிக்கை, நல்லதை விரும்புதல் ஆகிய மூன்றையும் ஞானிக்கு உரியவை என்றே வைத்தார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் தன் உளசிகிச்சை முறையை உருவாக்கியபோது எபிக்டெட்டஸிடமிருந்து எடுத்துக்கொண்டதும் இந்த இடத்தைத்தான்: நிகழ்ச்சியை விட, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் கருத்துதான் நம்மை அலைக்கழிக்கிறது. சரி, அந்தக் கருத்தைச் சோதித்துப் பார் என்கிறார்கள். அழாதே என்று எங்கே சொன்னார்கள்?