எல்லாம் எழுதியது ஒரு குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "திரைக்கதை எழுதுவது எப்படின்னு புத்தகம் போடுவார், சிரிப்பு நாடகம் எழுதுவார், நாவலும் எழுதுவார். இவரை எந்த அலமாரியில வைக்கிறது?" என்று மேடையில் இருந்தவர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. பெயர் சொல்லவில்லை. எழுத்தாளர் சுஜாதாவைத்தான் சொல்கிறார் என்று சிரித்த எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

ஆமாம், எல்லாம் எழுதினார். அதில் என்ன தப்பு? பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்தான் கணையாழி இலக்கிய இதழின் கடைசிப் பக்கத்தில் புதுக்கவிதை பற்றிப் பேசினார். 'என் இனிய இயந்திரா' என்ற அறிவியல் நாவலை எழுதிய கைதான் புறநானூற்றுக்கு எளிய அறிமுகமும் எழுதியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர் இருந்தார். அந்த வாசகரை மதித்துத்தான் ஒவ்வொன்றையும் எழுதினார்.

நாடகம் என்றால் அவ்வளவு இளப்பமா? எங்கள் அப்பா ரிடையர் ஆன புதிதில் ஈஸி சேரில் உட்கார்ந்து ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பார். கேஸ் சிலிண்டருக்குச் சொல்வது முதல் கல்யாணத்துக்கு மொய் எழுதுவது வரை அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. நூலகத்திலிருந்து 'கடவுள் வந்திருந்தார்' எடுத்து வந்து கொடுத்தேன். பூர்ணம் விஸ்வநாதன் மேடையில் நடித்துப் பேர் வாங்கிய அதே நாடகம். ரிடையர் ஆன சீனிவாசனிடம் எதிர்காலத்திலிருந்து ஜோ வருகிறான். அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறான். வீட்டில் எல்லோரும் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சத்தமாகப் படித்தார். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "ஜோ மத்தவங்க கண்ணுக்குத் தெரியலங்கிறது சும்மாடா. சீனிவாசனைத்தான் அந்த வீட்ல யாரும் பார்க்கல" என்றார். எந்த விமர்சகரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

உடனே வருவீர்கள், தெரியும். 'ஒரே நேரத்தில் பல தொடர்கள், அவசர எழுத்து, முடிவுகள் சப்பென்று இருக்கும்.' சரி, சில அப்படித்தான். 'சினிமாவுக்குப் போனார்.' போகட்டுமே. அங்கே கற்ற வேலையை மறைத்து வைக்காமல் புத்தகமாக எழுதினார். ஊரிலிருந்து கனவோடு வரும் பையன் ஒரு காட்சியை எப்படி எழுதுவது என்று யாரிடம் போய்க் கேட்பான்? 'நீ வெறும் ரசிகன்' என்பதுதான் அடுத்தது. இதுதான் வலிக்கிறது. பிடித்த எழுத்தைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் படிக்கத் தெரியாதவனா?

உண்மையில் நீங்கள் சிரித்தது சுஜாதாவைப் பார்த்து இல்லை. அவர் 2008-லேயே போய்விட்டார், இனி அவருக்கு என்ன? சலூனில் முறை வரும்வரை வார இதழ் படித்தவர்களை, வீட்டில் யார் முதலில் தொடர்கதை படிப்பது என்று சண்டை போட்டவர்களை, எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். நாங்கள் அங்கிருந்துதான் படிக்க ஆரம்பித்தோம். உங்கள் கூட்டங்களில் பின்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பதும் நாங்கள்தான்.

ஆழம் இல்லை என்கிறீர்களா? அவருடைய 'நகரம்' சிறுகதையைப் படியுங்கள். மூளைக்காய்ச்சல் வந்த பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு வள்ளியம்மாள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறாள். சீட்டைக் கையில் கொடுத்து அறை அறையாக அலையவிட்டு, கடைசியில் நாளைக்கு வா என்கிறார்கள். அவள்மேல் யாரும் கோபப்பட்டுக் கை ஓங்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். குழந்தை பிழைக்காது என்பது நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. சில பக்கக் கதைதான். கமெண்டில் திட்ட வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.