காய்வதற்குள் காலாவதியான வாரண்டி

தண்ணீர் கசியாமல் இருக்க டைல்ஸுக்கு அடியில் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு டப்பாவின் மேல் ‘10 வருட வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு பாத்ரூமில் அது பதினோரு மாதம் தாங்கியது. போன கார்த்திகை மழையில் கீழ் வீட்டு மாமி மேலே வந்து, "எங்க பாத்ரூம் சீலிங் உப்பிப் போச்சுப்பா, பீரோ வச்சிருக்கிற சுவரெல்லாம் ஓதம்" என்றார். ஷவருக்கு அடியில் இருந்த டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்று காலிச் சத்தம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். "பூச்சு எத்தனை நாள் காயணும்?" என்று கேட்டால் ஏன் ஆளுக்கொரு பதில்? கடைக்காரர், "இப்ப வர்றதெல்லாம் சீக்கிரம் காயுற ஐட்டம் சார், காலையில அடிச்சா சாயங்காலம் ஒட்டலாம்" என்றார். மேஸ்திரி, "ஒரு டேபிள் ஃபேனைப் போட்டு விடுங்க, நாளைக்கு ஒட்டிடலாம்" என்றார். டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த தாளில் எறும்பு எழுத்தில் இன்னொரு கணக்கு: முதல் கோட் அடித்து 4 முதல் 6 மணி நேரம் கழித்து இரண்டாவது கோட், அப்புறம் 5 நாள் காய விடணும், அதற்குப் பிறகு தண்ணீர் தேக்கிச் சோதனை. இதெல்லாம் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில். ஐயா, சென்னையில் 23 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் ஒரே நாளில் எப்போது வந்தது? ஏசி ஷோரூமுக்குள் வேண்டுமானால் பார்க்கலாம். ஐப்பசியில் இங்கே துவைத்த பனியனே இரண்டு நாள் காயாது.

இத்தனைக்கும் மேஸ்திரி கெட்டவர் இல்லை. முப்பது வருடம் சிமெண்ட்டோடு வாழ்ந்தவர். கான்கிரீட்டும் சிமெண்ட் பூச்சும் ஏழு நாள் தண்ணீர் குடித்தால்தான் இறுகும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஆனால் இந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சில் பவுடரோடு ஒரு வெள்ளைத் திரவத்தைக் கலக்கிறார்கள். அந்தத் திரவத்தில் இருக்கும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரப்பர் மாதிரி படலமாக வேண்டும் என்றால், அதிலுள்ள தண்ணீர் வெளியே போயாக வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், அடியில் பச்சையாகவே கிடக்கும். அதன் மேல் விட்ரிஃபைட் டைல்ஸை ஒட்டினால் முடிந்தது கதை. அந்த டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. உள்ளே மாட்டிய ஈரம் எந்த வழியாகப் போகும்? இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? டீலர்களை ஓட்டலுக்குக் கூப்பிட்டு பிரியாணி போடும் கம்பெனி, கரணை பிடிக்கிறவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

என் மேலும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் ஐந்து பேர், பாத்ரூம் ஒன்று. "எப்ப முடியும், எப்ப முடியும்" என்று மேஸ்திரியை அரித்தவன் நான்தான். அவருக்கோ சதுர அடிக் கணக்கில் கூலி. காத்திருக்கும் நாளுக்கு யாரும் காசு தருவதில்லை. டைல்ஸ் ஒட்டி 24 மணி நேரமாவது விட்டு இடுக்குகளை அடைக்க வேண்டும் என்று பசை மூட்டையிலேயே போட்டிருந்தது. மறுநாள் காலையில் அடைத்தார், சாயங்காலம் நாங்கள் குளித்தோம்.

சரி, வாரண்டிக்கு வருவோம். போன் செய்தேன். புகார் எண் கொடுத்தார்கள், பத்து நாள் கழித்து ஒரு தம்பி வந்து படம் எடுத்தார். அப்புறம் கேள்விகள். எங்கள் அங்கீகாரம் பெற்ற ஆள் அடித்தாரா? தண்ணீர் தேக்கிச் சோதித்த படம் இருக்கிறதா? காலி டப்பாவில் இருந்த பேட்ச் எண்? காலி டப்பாவை எவன் பத்திரப்படுத்துவான், அதில் சித்தாள் மணல் அள்ளிக்கொண்டு போனார். என்னிடம் இருந்த பில்லில் ‘ஹார்டுவேர் சாமான்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு வாரத்தில் மெயில் வந்தது: பொருளில் குறை இல்லை, பயன்படுத்திய முறையில்தான் குறை.

இதைவிட வேடிக்கை, வாரண்டி செல்லுபடியானாலும் கிடைப்பது இன்னொரு டப்பாதானாம். அதன் விலை 3,200 ரூபாய். டைல்ஸை உடைத்து, குப்பை அள்ளி, மறுபடி ஒட்டி, கீழ் வீட்டு சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்க எனக்கு ஆகும் செலவு 70,000. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போ என்கிறார் மச்சான். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை என்கிறார். கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் கையில் இருக்கும் ஆதாரம் அந்த ‘ஹார்டுவேர் சாமான்’ பில்தான்.

இப்போது இரண்டாவது தடவை. டப்பா, மூட்டை, பில், பேட்ச் எண் எல்லாம் படமாக போனில் இருக்கின்றன. தாளில் சொன்ன 5 நாளை நான் 8 ஆக்கிவிட்டேன். அது முடிந்ததும் தண்ணீர் வெளியேறும் நானி ட்ராப்பை அடைத்து, தண்ணீர் தேக்கி, அதன் மட்டத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போடப் போகிறேன். கீழே மாமி இப்போதே டார்ச்சோடு சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குளிக்க மச்சான் வீட்டுக்கு ஐந்து பேரும் துண்டோடு நடக்கிறோம், தெருவே பார்க்கிறது.

நேற்று ராத்திரி மேஸ்திரி போன் செய்தார். "சார், தொட்டுப் பாத்தேன், நல்லாக் காஞ்சிருச்சு. நாளைக்கு ஒட்டிடலாமா?"