எட்டு இன்ஸ்ட்ரக்ஷன்

தமிழ் மீடியத்துல பிளஸ் டூ வரைக்கும் படிச்சவங்களுக்கு நான் சொல்றது நல்லாவே புரியும். இங்கிலீஷ்னா எங்களுக்கு மனப்பாடம், அவ்ளோதான். நாலு கோடு நோட்டு, அப்புறம் லீவ் லெட்டர், அக்கா கல்யாணத்துக்கு லீவ் போட்டாலும் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்"னுதான் எழுதுவோம், ஏன்னா ஸ்பெல்லிங்கோட தெரிஞ்சது அது ஒண்ணுதான். மெமரி போயம், பாராகிராப், எசே எல்லாமே கைடுல இருக்குறது அப்படியே. சொந்தமா எழுதுனா தப்பு வரும், தப்பு வந்தா மார்க் போகும், அதனால யாரும் எழுத மாட்டோம், எழுதச் சொல்லவும் மாட்டாங்க. 2014ல நான் பிளஸ் டூ முடிச்சேன், அப்போ இங்கிலீஷ் ரெண்டு பேப்பர், மொத்தம் 200க்கு. மார்க் நல்லாதான் வந்துச்சு. ஆனா அதுல என்னோட வாக்கியம்னு ஒண்ணு கூட கிடையாது.

அந்த வருஷமே இன்ஜினியரிங் சேந்தேன். ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல டெக்னிக்கல் இங்கிலீஷ். எட்டு இன்ஸ்ட்ரக்ஷன் எழுது, எட்டு ரெகமண்டேஷன் எழுதுன்னு கேள்வி வரும், அண்ணா யுனிவர்சிட்டில படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சீனியருங்க, மழைநீர் சேகரிப்புக்கு எட்டு, தீ விபத்துக்கு எட்டு நெட்டுரு போட்டுக்கன்னாங்க, நானும் போட்டேன். எங்க மேம் மட்டும், அதெல்லாம் வேணாம், உங்க வீட்ல நடக்குற ஒரு வேலைய எழுதிட்டு வாங்கன்னாங்க.

எனக்குத் தெரிஞ்சது எங்க கெணத்து மோட்டார் போடுறது. மூணு ஃபேஸ் லைட்டும் எரியுதான்னு பாரு, ஈரக் கையோட ஸ்டார்ட்டர தொடாத, பச்சை பட்டன அமுக்கு, தண்ணி எடுக்கலன்னா உடனே நிறுத்து. ராத்திரி பூரா உக்காந்து எட்டு வரி எழுதுனேன்.

மேம் சிவப்பு பேனாவே எடுக்கல. "இத படிச்சிட்டு நான் வந்து போட்டா மோட்டார் ஓடுமா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் "ஸ்விட்ச்"னு நான் எழுதுன எடத்த காட்டி, எந்த ஸ்விட்ச், உங்க மோட்டார் கொட்டாய்ல இருக்குற அந்த ஸ்விட்ச்தானே, அப்ப "தி" போடுன்னாங்க. எத்தனையோ வருஷமா டெஃபனிட் ஆர்ட்டிகிள்னு மனப்பாடம் பண்ணது அன்னிக்குதான் மண்டைல ஏறுச்சு. நாம பட்டன சொல்லிட்டு கடைசில "அமுக்கு"ங்குறோம், இங்கிலீஷ்ல மொதல்ல "பிரஸ்", அப்புறம்தான் பட்டன், இதையும் அன்னிக்குதான் கவனிச்சேன்.

இப்ப சொந்தக்காரங்க எல்லாம் புள்ளைய இங்கிலீஷ் மீடியத்துல சேத்தா சரியாயிடும்னு நம்புறாங்க. அந்தப் பசங்க நோட்ட வாங்கிப் பாத்தா அங்கயும் கைடு எசேதாங்க இருக்கு, கையெழுத்துதான் கொஞ்சம் அழகா இருக்கு. டீச்சர்களுக்கு எவ்ளோ பேப்பர், எவ்ளோ வேலைன்னு எனக்கும் தெரியும், ஆனாலும் கெஞ்சி கேக்குறேன், வாரத்துக்கு அஞ்சே வரி, புள்ள கண்ணால பாத்தத எழுதச் சொல்லுங்க, அதுல எழுத்துப் பிழைக்கு மார்க் கொறைக்காதீங்க, புரியாத எடத்துல ஒரு கேள்வி மட்டும் கேளுங்க.

அந்த வார லீவுல ஊருக்குப் போனப்ப எட்டையும் தமிழ்ல அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். ஃபுல்லா கேட்டுட்டு, "பைப்புல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு, இல்லன்னா ஊத்திட்டுதான போடணும், அத எழுதலையே"ன்னாரு. திங்கக்கெழம மேம் கிட்ட ஒம்பது வரியா கொண்டுபோய் குடுத்தேன்.